கஞ்சிக்கு எடுத்த ஓட்டு

1. தறிக்கு வந்த அரிசி

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றாமல் தறியில் போட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். மில் ஆபீசில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதலில் இதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில், பினாங்கு ஜெலுத்தோங்கில் நான் குமாஸ்தாவாக இருந்த மில்லில், அந்தக் கஞ்சியால்தான் எல்லாம் நடந்தது.

முதலாளி ஆஸ்திரியாக்காரர். துரை என்போம். சொந்த நாட்டில் தகப்பன் வழி வந்த நெசவு மில்லை நடத்தியவர். தன் மாகாணச் சட்ட மன்றத்தில் உறுப்பினராகவும் இருந்தவர். ஹிட்லர் ஆட்கள் நாட்டைப் பிடித்ததும் பதவியும் மில்லும் போய்ப் பினாங்குக்கு வந்தார். வெள்ளைக்காரன் அவரை எதிரி என்று அடைத்தான். ஜப்பான்காரன் தன் கூட்டாளி நாட்டான் என்று திறந்துவிட்டான். இருவருமே அவரை ஜெர்மன்காரர் என்றுதான் சொன்னார்கள். "நான் ஆஸ்திரியாக்காரன்" என்பார். யார் கேட்டது?

பட்டாளத்துக்குக் காயம் கட்டும் துணி நெய்தோம். பாவுக்குக் கஞ்சி காய்ச்ச, கெப்பாலா பத்தாஸ் ஊர்ப் பக்கத்து நொய்யரிசி மூட்டையாக வரும். நெய்பவர்களுக்கோ வெறும் மரவள்ளிக்கிழங்கு. என் மூத்த மகன் யோகனைக் கஞ்சி காய்ச்சும் வேலையில் சேர்த்திருந்தேன். மில் கைப்பட்டை கட்டியவனைச் போனவர் திரும்பாத சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடிக்கமாட்டார்கள் என்ற ஒரே நம்பிக்கைதான்.

2. கை தூக்கியவர்கள்

ஒருநாள் தறியிலேயே ஒருவர் மயங்கி விழுந்தார். துரை எல்லாரையும் கூட்டினார். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்.

"கஞ்சியில் பாதியைக் குடிப்போமா, முழுவதும் நூலுக்கா? எங்கள் மன்றத்தில் இப்படித்தான் முடிவு செய்வோம். குடிக்கலாம் என்பவர்கள் கை தூக்குங்கள்."

"கையத் தூக்குனா கஞ்சி கிடைக்குமா? அப்ப ரெண்டு கையும் தூக்குறேன்!" என்றாள் நூல் சுற்றும் அஞ்சலை.

"ஒரு வாய்க்கு ஒரு கைதான் அக்கா," என்று யாரோ சிரித்தார்கள்.

முதலில் தூக்கியவன் யோகன். பிறகு எல்லாரும், நானும். காவலுக்கு இருந்த ஜப்பானிய சார்ஜண்ட் வாசலில் நின்று, ஏதோ விளையாட்டு என்று பார்த்துக்கொண்டிருந்தான். வெகுநாளைக்குப் பிறகு அன்று சோற்று வாசனையோடு வீட்டுக்குப் போனோம்.

சார்ஜண்டிடம் மறைத்துச் செய்யலாம் என்று துரைக்குத் தோன்றவில்லை. எல்லார் முன்னாலும் எடுக்கும் முடிவுதான் நேர்மையானது என்று பழகியவர்.

கஞ்சி குறைந்த பாவு அறுந்தது. துணி ஓட்டையும் முடிச்சுமாக இறங்கியது. பட்டாள அதிகாரி வந்து துணியைத் தரையில் வீசினான்.

"உத்தரவு கொடுத்தது நான். என்னைப் பிடியுங்கள்," என்றார் துரை.

சார்ஜண்ட் சிரித்தான். தன் கையை உயரத் தூக்கிக் காட்டினான். பிறகு அன்று கை தூக்கிய முகங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சுட்டினான். இளவட்டங்களை மட்டும் வரிசையிலிருந்து இழுத்துக் கைப்பட்டையை அவிழ்த்தார்கள். நான் முன்னால் போய் நின்றேன். சார்ஜண்ட் என் நரைத்த தலையைத் தட்டி, போ என்றான்.

"முதல்ல உன்னை ஆரடா கை தூக்கச் சொன்னது?" என்று யோகனைப் பார்த்துக் கத்தினேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

"அப்பா, அடுப்ப அணைச்சுவிடுங்கோ. கஞ்சி அடிப்பிடிக்குது," என்றான் யோகன். லாரி புறப்பட்டுவிட்டது.

3. துரை கேட்டது

சண்டை முடிந்து சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். ஒருவன், யோகனைக் காய்ச்சல் கொட்டகையில் பார்த்ததாகச் சொன்னான். இன்னொருவன், அது வேறு ஆள் என்றான்.

துரை என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. "நான் ஓட்டு கேட்டது தவறா?" என்றார்.

"உங்கள் மன்றத்தில் ஓட்டில் தோற்றவர் வீட்டுக்குப் போவார், துரை. இங்கே ஜெயித்தவர்கள் சயாமுக்குப் போனார்கள்."

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். நல்ல மனிதர். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

நாளை மேலதிகாரிகளாகப் போகும் பிள்ளைகளே, தண்டனை வரக்கூடிய முடிவை நாலு பேரிடம் கேட்டு எடுக்காதீர்கள். தனியாக எடுங்கள், கஞ்சி ஊற்றும் அகப்பையையும் நீங்களே பிடியுங்கள், பழி உங்களோடு நிற்கட்டும். கேட்பது மரியாதைதான். ஆனால் கேட்கும்போது வாசலில் நிற்பவன் யாரென்று பாருங்கள்.

இதைப் பாடம் என்று எழுதிவிட்டேன். என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "பாடம் இருக்கட்டும். பிள்ளை எங்க?" என்று கேட்டாள்.