கழுத்து திரும்பாத பருவம்

டிராக்டர் ஓட்டுகிறவன் பாதி நேரம் பின்னால்தான் பார்த்துக்கொண்டிருப்பான். கலப்பை சரியாகப் போகிறதா, வரப்பை உரசுகிறதா என்று வலது தோளுக்கு மேலாகத் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டும். சாலவாக்கத்தில் ஒரு நிலக்காரரிடம் நான் வருஷக்கணக்காக அப்படி ஓட்டினேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் என் கழுத்து இறுகிக்கொண்டது. வலது கை கட்டைவிரல் வரைக்கும் மரத்துப்போனது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துக் கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது என்றார்கள். 'கரண்ட் வைக்கிற ரூமு'க்குப் போகச் சொன்னார்கள்.

அங்கிருந்த பிசியோதெரபி அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கழுத்துக்குச் சூடு கொடுப்பார். தாடையில் வார் மாட்டி எடை கட்டி இழுக்க விடுவார். பிறகு உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையால் தள்ளச் சொல்வார். தலையும் அசையக் கூடாது, கையும் அசையக் கூடாது. வீட்டில் நான் இதைச் செய்வதைப் பார்த்து என் மனைவி சிரித்தாள்.

"இன்னாயா, உன்னோட நீயே சண்ட போட்டுக்கினு கீற."

ஆடி முடிவதற்குள் கை மரப்பு போய்விட்டது. கழுத்தும் ஓரளவு திரும்பியது. மழை பெய்து ஏரிக்குத் தண்ணீர் வந்ததும் நிலக்காரர் ஆள் அனுப்பினார். குணமாகிவிட்டது என்ற தெம்பில் போய், தண்ணீர் கட்டிய வயலில் நடவுக்குச் சேறு கலக்கிப் பொழுதுக்கும் சேடை ஓட்டினேன். மறுநாள் காலை பாயிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை.

செங்கல்பட்டு போகிற பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழ, கழுத்தை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பட்ட பாடெல்லாம் வீணாகப் போனது என்றுதான் நினைத்தேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை.

"கை மரத்துப்போச்சா?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். "இல்லீங்கம்மா. கழுத்துதான் புடிச்சிக்கிச்சி."

"அப்ப முதல்ல இருந்த இடத்துக்கு நீங்க திரும்பிப் போகல. நடுவுல ஒரு சறுக்கல், அவ்வளவுதான். எப்படி உக்காந்து ஓட்டுவீங்க, காட்டுங்க."

ஸ்டூலில் உட்கார்ந்து, முடிந்தவரை திரும்பிக் காட்டினேன்.

"கழுத்த மட்டும் திருப்புறீங்களே, இடுப்பு எதுக்கு இருக்கு? வலி அடங்குற வரைக்கும் அதுவும் வேண்டாம். பின்னால பாக்க ஒரு ஆள வச்சுக்குங்க."

"ஆளுக்கு எங்கம்மா போறது?"

கூட வந்திருந்த என் மனைவி முந்திக்கொண்டாள். "நான் பாக்கறேன். எனக்குக் கண்ணு கீதில்ல?"

ஒரு வாரம் ஓய்வெடுத்துக்கொண்டு மறுபடி வண்டி ஏறினேன். கழுத்தில் அந்த அம்மா கொடுத்த பட்டை. பக்கத்தில், சக்கரத்துக்கு மேலே மட்காட்டில் உட்கார்ந்து பின்பக்கம் பார்த்தபடி அவள்.

"இன்னாப்பா, குடும்பத்தோட உழவா?" என்றார் நிலக்காரர்.

"ஆமாங்க. எங்கனா உழாம திட்டு வுட்டுப்போனா அப்பறம் கேளுங்க" என்றேன்.

"சோத்தாங்கை பக்கம் போவுது பாரு", "இப்ப நேரா கீது, வுடு" என்று இன்ஜின் சத்தத்துக்கு மேல் அவள் கத்துவாள். நடவுப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மொத்தத்தில் ஒரே ஒரு வரப்புதான் சரிந்தது. அதுவும் அவள் அந்தப் பெண்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது.

மார்கழிப் பனியில் கழுத்து மீண்டும் பிடித்தது. இந்த முறை பயம் வரவில்லை. முதலில் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தேன். உணர்ச்சி நன்றாக இருந்தது. நிலக்காரரிடம் நானே போய், வண்டியைச் சில நாள் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். மணலை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் வைத்தோம். நெற்றியில் கையை வைத்துத் தள்ளுவதை மட்டும் நிறுத்தவில்லை. பொங்கலுக்கு முன்பே அறுப்புக் களத்தில் போரடிக்க வண்டி ஓட்டினேன்.

கழுத்து பழையபடி முழுசாகத் திரும்பவே இல்லை. அதற்குப் பதிலாக இடுப்பு திரும்பக் கற்றுக்கொண்டது. அடுத்த பருவத்தில் மட்காட் காலியாக இருந்தது. என் மனைவி நடவுக்குப் போய்விட்டாள்; நான் அதே வயல்களை ஒருத்தனாக உழுதேன்.