குசினியில் படித்த பிரெஞ்சு

2010ஆம் ஆண்டு, பாரிஸ். அகதியாக ஏற்று விசாத் தந்த பிரெஞ்சு அரசாங்கம், கையோடு இலவச மொழி வகுப்புக்கும் கடிதம் அனுப்பியது. வகுப்பு லாச்சப்பலில், எங்கள் தமிழ்க் கடைகளிலிருந்து ஐந்து நிமிட நடை. எனக்குள் ஒரு பெருமிதம். எட்டு மாதமாக ஒரு ரெஸ்ரோரண்ட் குசினியில் கோப்பை கழுவியவன் அல்லவா! மற்றவர்கள் மாதிரி வெறும் வாயோடு போகவில்லை, நாலு பிரெஞ்சுச் சொல்லோடு போகிறேன் என்ற நினைப்பு.

முதல் நாளே பிந்திவிட்டேன். ஆசிரியை வாசலை மறித்தபடி நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். விலகி வழிவிடக் கேட்கத்தான் எனக்குச் சொல் தெரியுமே! பணிவாகக் குனிந்து, "தெகாஜ், மதாம்" என்றேன்.

முன்வரிசையில் இருந்த மன்னார்ப் பெண்ணொருத்தி தலையில் கை வைத்தாள். "ஐயோ அண்ணை! துலைஞ்சு போடி எண்டெல்லோ ரீச்சருக்குச் சொல்லிப்போட்டியள்!"

சூடான சட்டியோடு வரும்போதெல்லாம் எங்கள் செஃப் எனக்குச் சொல்லும் சொல் அது. 'கொஞ்சம் வழி விடுங்கோ' என்றுதான் நினைத்திருந்தேன். ஊரில் மனைவியும் மகளும் நான் கூப்பிடும் நாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த மனுசி என் பெயரில் அரசாங்கத்துக்கு ஏதும் கெட்டதாக எழுதிவிட்டால் எல்லாம் போச்சே!

அவர் என் வெடித்த விரல்களைப் பார்த்தார். கோப்பை கழுவுவதுபோல் கையால் காட்டி, குசினி வேலையா என்று கேட்டார். தலையாட்டினேன். திட்டவில்லை, சிரிக்கவுமில்லை. பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் என் சொல்லை எழுதினார். வலப்பக்கம் 'பார்தோன்', அதாவது மன்னியுங்கள். பிறகு வேலையிடத்தில் பழகிய சொற்களை எல்லோரையும் சொல்லச் சொன்னார். கட்டட வேலை செய்யும் ஆப்கானியர், துப்புரவு வேலை செய்யும் சூடான்காரர் என்று ஆளுக்கொன்றாகச் சொல்ல, இடப்பக்கம் நிரம்பிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் எதிரே மரியாதையான சொல்லைப் பொறுமையாக எழுதினார். அரசாங்கம் தந்த புத்தகத்தை அன்று திறக்கவேயில்லை. அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது. எட்டு மாதமாக அந்தச் சொல்லைத்தான் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள், நானும் சிரித்தபடி விலகியிருக்கிறேன். மெத்ரோ ரயிலில் இருந்தபடியே அழுதுவிட்டேன்.

அடுத்த நாள் செஃப் வழக்கம்போல "தெகாஜ்!" என்றார். 'பார்தோன்' என்று சொல்லுங்கள் என்றேன், பிரெஞ்சில்தான். மனுசன் சட்டியோடு அப்படியே நின்றார். பிறகு மெல்ல, "பார்தோன்" என்றார். நான் விலகினேன்.

மனைவியும் மகளும் வந்து சேர்ந்து பல வருடமாகிவிட்டது. பிரெஞ்சு இன்றும் எனக்குத் தடக்கித் தடக்கித்தான் வரும். ஆனால் என்னோடு மரியாதையாகப் பேசுங்கள் என்று நானும் கேட்கலாம் என்பதை, யாருடைய நாட்டு அரசாங்கமோ சம்பளம் கொடுத்து அனுப்பிய அந்த மனுசிதான் எனக்குப் பழக்கிவிட்டார்.