காட்டுச்சாலைக்கு நான் எழுதிய மனு

எங்கள் குடியிருப்புக்கும் தாம்பரம் போகும் நெடுஞ்சாலைக்கும் நடுவே ஒரு காப்புக்காடு இருக்கிறது. உயரமான மரங்கள் கிடையாது. காரைச் செடி, கள்ளி, முள்புதர், இடையிடையே பாறை, அவ்வளவுதான். என் மனைவிக்கு இளைப்பு. மூச்சு முட்டும்போதெல்லாம் காட்டைச் சுற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக முக்கால் மணி நேரமாகும். காட்டுக்குள் கிடந்த மாட்டுத் தடத்தைத் தார்ச்சாலையாக்கினால் பத்தே நிமிடம். அதைக் கேட்டு மனு எழுதியவன் நான்தான். பள்ளியில் தமிழ் நடத்தியவன் என்பதால் குடியிருப்புச் சங்கத்தின் எழுத்துவேலை எல்லாம் என் தலையில்தான் விழும். வீடு வீடாகப் போய்க் கையெழுத்தும் வாங்கினேன்.

என் மனைவி மட்டும் தயங்கினாள். "ரோடு வந்தா வண்டியோட குப்பையும் வருங்க."

"உனக்காகத்தான் அலையறேன்" என்றேன். கையெழுத்துப் போட்டாள்.

சாலை வந்தது. முதல் வருடம் இரண்டு முறை அவளை அந்த வழியாகத்தான் கொண்டுபோனேன். இரண்டு முறையும் தேறித் திரும்பினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த கோடையில் சாலையோரம் தீப்பிடித்தது. பச்சைத் தழையால் அடித்து அணைத்துக்கொண்டிருந்த வனக்காவலரிடம் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"முன்னாடில்லாம் எப்பனா ஒரு தபாதான் சார் பத்தும். புதரை வெட்டிட்டாங்களா, வெயில் வுழுந்து ஓரமெல்லாம் புல்லு. காஞ்சி கீது. ஒருத்தன் பீடிய போட்டுட்டுப் போறான், ஒருத்தன் குப்பைய கொளுத்துறான். நெருப்பு ரோட்லேர்ந்துதான் சார் உள்ளார போவுது" என்றார்.

எரிந்த இடத்தில் மழைக்குப் பிறகு புதர் தழைக்கவில்லை, மறுபடி புல்தான். அது மறு கோடையில் இன்னும் உள்ளே வரை எரிந்தது. பெரிய மழைக்காடுகளிலும் தீ இப்படிச் சாலையைப் பிடித்துக்கொண்டுதான் நுழைகிறது என்று பிறகு படித்தேன். கோடையில் மட்டும் சாலையை மூடச் சொல்லி இன்னொரு மனு எழுதினேன்.

"ரோடு வேணும்னு நின்னதே நீங்கதானே சார். இப்ப மூடச் சொன்னா யார் சைன் பண்ணுவாங்க?" என்றார் சங்கச் செயலாளர். யாரும் போடவில்லை.

அந்தச் சித்திரையில் ஒரு மதியம் வீட்டுக்குள் புகை வந்தது. ஜன்னல்களைச் சாத்தி, ஈரத் துண்டை இடுக்கில் திணித்தேன். இன்ஹேலருக்கும் அவள் இளைப்பு அடங்கவில்லை. உதடு நீலம் பாய்ந்ததும் ஆட்டோவில் ஏற்றினேன். காட்டுச்சாலை முனையில் வண்டி நின்றது. இரண்டு ஓரமும் எரிந்துகொண்டிருந்தது.

"போவ முடியாது சார். சுத்திக்கினுதான் போவணும்" என்றார் ஆட்டோக்காரர்.

சுற்றிக்கொண்டு போனோம். அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். "அடுப்பு கேஸை மூடினீங்களா?" என்று மட்டும் கேட்டாள். மருத்துவமனையில், மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாள்.

"நல்லதுக்குத்தானேப்பா பண்ணீங்க" என்கிறாள் மகள். இருக்கலாம். ஆட்டோவில் முக்கால் மணி நேரம் அவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ சொன்னது சரிதான் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம்.

இந்தப் பங்குனியில் வனக்காவலரோடு சேர்ந்து சாலையோரப் புல்லைச் செதுக்கினேன். பாதி தூரம்தான் முடிந்தது. சித்திரையில் மீதிப் பாதியில் தீப்பிடித்தது.

"அடுத்த வருசம் அந்தாண்ட முனைலேர்ந்து ஆரம்பிப்போம் சார்" என்றார் அவர்.

சரி என்றேன்.