காப்பு இருந்த இடம்

"வெயிலுக்கு வேண்டியவங்க வேண்டாதவங்க கெடையாது" என்று என் சித்தி சொல்லுவாள். கொழுந்து பறித்துப் பறித்துக் கறுத்த கையைத் திருப்பிக் காட்டிச் சிரிப்பாள். இலங்கையில் ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தில், எங்கள் வீட்டில்தான் கல்யாணம் ஆகும்வரை இருந்தாள்.

புருஷனோடு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ராகலைக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்ட காலையில், என் மணிக்கட்டில் இறுகிக் கிடந்த பித்தளைக் காப்பைச் சவுக்காரம் போட்டுக் கழற்றினாள். சின்ன வயதில் அவளே போட்டுவிட்டது. அது இருந்த இடம் வெளுத்து வளையமாகத் தெரிந்தது.

"இதான்டி உன் சொந்த நெறம். இது மறையறதுக்குள்ள பெரிய காப்போட வந்துருவேன்" என்றாள். பழைய காப்பைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அன்றே அந்த வளையத்தின் மேல் கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டேன். வெயில் பட்டுக் கறுத்துவிட்டால் சித்தி எப்படி வருவாள்?

"என்னாடி, துணிக்குள்ள தங்கமா வச்சிருக்க?" என்று கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் பெண்கள் கேலி செய்வார்கள். அம்மா மட்டும் சிரிக்கமாட்டாள்.

பிறகு மழை பிடித்தது. வாரக்கணக்கில் சூரியனையே காணவில்லை. ஒருநாள் துணியை அவிழ்த்தால் வளையம் இல்லை. அது கறுக்கவில்லை, சுற்றியிருந்த தோல் வெளுத்து அதோடு சேர்ந்துவிட்டது.

"அம்மா, மறைஞ்சு போச்சும்மா. சித்தி இனிமே வரமாட்டாங்களா?"

அம்மா அரிசிச் சுளகைக் கீழே வைத்தாள். துணியை எடுத்து அவளே இறுக்கிக் கட்டினாள்.

"வெயில் வரட்டும். வாசல்ல கைய நீட்டிக்கிட்டு உக்காரு. சுத்தியிருக்கறது கறுத்தா இது தானா தெரியும்."

வெயில் வந்தது. நாள் தவறாமல் உட்கார்ந்தேன். வளையமும் வந்தது. நான் குதித்தேன், அம்மா அதைக் கட்டைவிரலால் வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தாள்.

வளர்ந்தபின், கிடைத்த புத்தகங்களையெல்லாம் வாசித்து இதைத் தெரிந்துகொண்டேன். வெயில் சுட்டதும் தோலின் மேலே இருக்கும் உயிரணுக்கள் அடியில் இருப்பவற்றுக்குச் சேதி அனுப்புமாம். அடியில் இருப்பவை சாயம் காய்ச்சி, விரல்போல நீண்ட கைகளால் மேலே கொடுக்குமாம். வாங்கியவை அதைத் தம் உட்கருவுக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொள்ளுமாம். அடுத்த வீட்டில் கேட்டு வாங்குவது மாதிரிதான். வெயில் படாத இடத்திலிருந்து சேதியே போகாது. அது ஒன்றும் அறியாமல் வெளுப்பாகவே கிடக்கும்.

நான் வாசலில் கை நீட்டி உட்கார்ந்திருந்த அந்த நாட்களில், குடியுரிமை இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டவர்களோடு சித்தி தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போய் மாதங்கள் ஆகியிருந்தன. ராகலை என்பது எனக்காகச் சொன்னது. அம்மாவுக்குத் தெரியும், லயம் முழுக்கத் தெரியும். எனக்குத்தான் வெயில் படாமல் பார்த்துக்கொண்டார்கள்.