காஞ்சனா வைத்த கேட்

மலேசியாவின் சுங்கை பட்டாணியில் முதியோர் பராமரிப்புப் பயிற்சி கொடுக்கும் ஒரு தனியார் மையத்தில் காஞ்சனா கிளார்க். நாற்பது வயதுக்கு மேல் புரோகிராமிங் படிக்க ஆரம்பித்தாள். மகள் டியூஷன் முடித்து வரும்வரை காருக்குள் உட்கார்ந்து போனில் பாட வீடியோ பார்ப்பாள்.

அதில் அவளுக்குப் பிடித்துப்போனது ரெஜெக்ஸ். எழுத்து எப்படி வரவேண்டும் என்று ஒரு அமைப்பைக் கொடுத்தால், அப்படி வருவதை மட்டும் கம்ப்யூட்டர் ஏற்கும். எந்த எழுத்துகள் வரலாம் என்பதைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும். கூட்டல் குறி போட்டால் அவை எத்தனை வேண்டுமானாலும் வரலாம். தொடக்கத்தில் ஒரு கூரைக் குறி, முடிவில் ஒரு டாலர் குறி. முன் கேட்டில் ஒரு ஜாகா, பின் கேட்டில் ஒரு ஜாகா காவலுக்கு நிற்பதாக அவள் புரிந்துகொண்டாள்.

மையத்தின் விண்ணப்பப் பக்கத்தில் சிலர் பெயருக்குப் பதில் போன் நம்பரைப் போட்டுத் தொல்லை கொடுத்தார்கள். காஞ்சனா தானாக முன்வந்து கேட் வைத்தாள். ஏ முதல் இசட் வரை எழுத்துகள், இடைவெளி, அவ்வளவுதான். உடன் வேலை செய்யும் நஜ்வாவின் பெயரை, அப்பா பெயருக்கு முன் வரும் பிந்தியோடு போட்டாள், போனது. மேனேஜரின் சீனப் பெயரும் போனது. தன் பெயரைக் காஞ்சனா என்று மட்டும் போட்டாள். அப்பா பரஞ்சோதியின் பெயர் ஆபிஸில் யார் வாயிலும் நுழையாததால் அதை விட்டுப் பல வருஷமாகியிருந்தது.

"பண்டாய்லா கா நீங்க," என்று அவள் கெட்டிக்காரத்தனத்தை மெச்சினாள் நஜ்வா.

விண்ணப்பங்கள் வந்தன. காஞ்சனா எதிர்பார்த்த பெயர் மட்டும் இல்லை. கோலா கெத்தில் எஸ்டேட்டில் அவளோடு வளர்ந்த ரமணி, கையுறைத் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் பார்த்து முதுகு போனவள். பயிற்சி முடித்தால் பகல் வேலை கிடைக்கும். நாற்பத்தைந்து வயது வரைதான் எடுப்பார்கள், அவளுக்கு இதுதான் கடைசி.

"அவ்ளோ சொல்லியும் போடல பாரு. எங்க ஆளுங்களே இப்படித்தான்லா. அக்கறையே கெடையாது. அப்புறம் பொலம்புவாங்க," என்று நஜ்வாவிடம் அலுத்துக்கொண்டாள்.

வகுப்பு தொடங்கிய பிறகு, கோலா கெத்தில் பாசாரில் மீன் கடை முன்னால் ரமணி நின்றிருந்தாள்.

"ஏன்க்கா போடல?"

"போடலயா? எத்தன வாட்டி போட்டேன்! பேரு தப்பு, பேரு தப்புன்னே சொல்லுச்சு. ஐசி அடையாள கார்டுல உள்ளபடி போடுங்கன்னுதான எழுதியிருந்துச்சு? ரமணி ஏ/பி அழகேசன். பொறந்ததுலேர்ந்து அதான் என் பேரு."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"வேணாம்னு மொகத்துக்கு நேரா சொல்ல முடியாம அப்படி வச்சிருக்காங்க போலன்னு நெனச்சேன். உன்ன எதுக்குச் சங்கடப்படுத்தணும்?" ரமணி ஒரு கெம்போங் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

இன்னாரின் மகள் என்று சொல்லும் அந்த ஏ/பியின் நடுவில் ஒரு சாய்கோடு இருக்கிறது. காஞ்சனா வைத்த கேட்டில் அதற்கு வழியில்லை. ரமணியைப் போல் வேறு யார் யார் திரும்பிப் போனார்கள் என்றும் தெரியாது. நுழையாத பெயர் எங்கும் பதிவாவதில்லை.

திங்கட்கிழமை அடைப்புக்குள் அந்தச் சாய்கோட்டைச் சேர்த்தாள். கோப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. மேனேஜரிடம் கெஞ்சிப் பார்த்தாள். இடம் நிரம்பிவிட்டது, அடுத்த வகுப்புக்குள் அந்த அம்மாவுக்கு வயது தாண்டிவிடும் என்றார்.

சாயங்காலம் ரமணிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அந்தப் பக்கத்துக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்."

போனின் மறுமுனையில் தொழிற்சாலை பஸ்ஸின் ஹார்ன் கேட்டது.

"நீயும் ஏ/பிதானடி," என்றாள் ரமணி. குரலில் கோபம் இல்லை. "சரி, பஸ் வந்துருச்சு. வைக்கிறேன்."