முப்பத்தாறு அங்குல பெல்ட்

ஆர்வில் ஸ்டென்பர்க் எதையும் லேசில் நம்ப மாட்டான். எங்கள் ஷெரிடன் ஊரைச் சுற்றியுள்ள பண்ணைகளுக்கெல்லாம் கேஸ் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்று மீட்டர் முள் காட்டும். அவன் முள்ளைப் பார்க்காமல் விரல் முட்டியால் தொட்டியைத் தட்டிக் காது கொடுப்பான். வானொலியில் பனி விழும் என்று சொன்னால் வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பான். விழ ஆரம்பித்த பிறகும் கொஞ்ச நேரம் சந்தேகத்தோடுதான் நிற்பான்.

இப்படிப்பட்டவன் ஒரே ஒரு ஆளை மட்டும் தட்டிப் பார்க்காமல் நம்பினான். அது அவன் மனைவி ட்வைலா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, எப்போதும் கலகலவென்று இருப்பாள். கல்யாணமாகி எத்தனையோ வருடங்கள் ஆகியும் அவளிடம் அவனுக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை.

அந்தக் குளிர்காலம் ஆரம்பிக்கும்போது அவள் வண்டியில் ஜாக்கி எடுக்க சீட்டைச் சாய்த்தவன் கையில், பழைய துண்டில் சுற்றிய ஒரு பெல்ட் அகப்பட்டது. கையால் செய்தது. தோல் முழுக்கக் கூடைப் பின்னல் போல அச்சு அடித்திருந்தது. முதுகுப் பக்கம் நடுவில் மட்டும் வெறும் தோல். எங்கள் ஊரில் அந்த இடம் பெயருக்கு. பெல்ட் யாருக்கோ அவர் பெயரைக் கடைசியாக அங்கே அடிப்போம். ஆர்வில் அளந்து பார்த்தான், முப்பத்தாறு அங்குலம். அவன் வயிற்றைப் பார்த்தவர்கள் யாரும் அதை அவனுக்கென்று சொல்ல மாட்டார்கள். ஆக, யாரோ ஒல்லியான ஆள். புதன்கிழமை மாலைகளில் தேவாலயத்தில் போர்வை தைக்கப் போவதாக அவள் சொல்லிக்கொண்டிருந்ததும், திரும்பி வரும்போது கையில் எண்ணெய் வாசம் அடித்ததும் அவனுக்குச் சேர்த்து ஞாபகம் வந்தன. அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெல்ட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அதற்குரிய ஆளைத் தேடி என் கடைக்கு வந்தான்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், தோலின் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஒருவன் என் சேணக் கடையின் சனிக்கிழமைத் தோல் வேலை வகுப்பில் வந்து உட்கார்ந்தான் என்பதுதான். அப்பாவின் பழைய ரிவால்வருக்கு ஓர் உறை செய்ய வேண்டும் என்றான். சரி என்றேன். ஆனால் எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. அடுத்த தெருச் சேணக் கடைக்காரன், தோலில் நான் செதுக்கும் பூ வடிவங்களைத் திருட ஆள் அனுப்பியிருக்கிறானோ என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் ஒருவனுடைய பூவை இன்னொருவன் செதுக்கினால் அவன் முகத்தில் முழிக்க மாட்டோம். அதனால் அன்றிலிருந்து என் வரைபடங்களை அலமாரியில் பூட்டி வைத்தேன்.

முதல் வகுப்பிலேயே நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்று உண்டு. பெல்ட் வெட்டும்போது ஜீன்ஸ் பட்டையில் அச்சடித்திருக்கும் எண்ணை நம்பாதீர்கள். போட்டிருக்கிற பழைய பெல்ட்டைக் கழற்றி, பக்கிள் மடிப்பிலிருந்து வழக்கமாக மாட்டும் ஓட்டைவரை அளந்து கொள்ளுங்கள். ஜீன்ஸ் கம்பெனிக்காரன் நம் மனசு நோகாமல் எண் போடுகிறான், தொப்பைக்குக் கீழே எங்கேயோ மாட்டிக்கொள்கிறோம். புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் இதில்தான் சறுக்குவார்கள். போன வருடம் ஒரு பெண் அண்ணனுக்குச் செய்த பெல்ட் கடைசியில் அவருடைய கன்றுக்குட்டி கழுத்துக்குப் போனது. எல்லோரும் சிரித்தார்கள். ஆர்விலும் சிரித்தான்.

பிறகு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, நான் உதவுகிறேன் என்று அவனே எழுந்தான். அங்கிருந்த ஆண்கள் இடுப்பை எல்லாம் அளந்தான். வகுப்புக்கு வந்திருந்த கால்நடை மருத்துவரை இரண்டு தடவை அளந்தான். என்னிடம் வந்து அளந்தபோது நாடாவை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு முப்பத்தாறு.

கை வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. தோலை நனைத்துவிட்டு அவசரப்படாமல் காத்திருப்பான். ஓரங்களில் பழைய நிறம் திரும்பும் நேரம் பார்த்துத்தான் அச்சடிக்கும் சலவைக்கல்லின் மேல் போடுவான். அச்சை நிறுத்திக் கொட்டாப்புளியால் அடிக்கும் சத்தத்திலேயே ஆழம் கண்டுபிடிப்பான். கேஸ் தொட்டி தட்டிய காது. உறைக்கு அவன் அடித்த பின்னல் வரிசை நூல் பிடித்தது போல இருந்தது. பாராட்டினால் என் முகத்தைப் பார்ப்பான், ஏதோ மறைக்கிறேனா என்று.

ஒருநாள், இடது கைக்காரர்கள் அச்சு பிடித்தால் எப்படித் தெரியும் என்று கேட்டான். அச்சு மறுபக்கம் சாயும், ஒவ்வொரு அடியிலும் வலது ஓரம் கொஞ்சம் ஆழமாக இறங்கும், நான் கவனமாகச் சரிசெய்து அடிப்பேன் என்று சொன்னேன். நான் இடது கைக்காரன். கேட்டதும் அவன் கொட்டாப்புளியைக் கீழே வைத்தான். அதற்கப்புறம் உறையை மட்டும் வேகவேகமாகத் தைத்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. பூவைத் திருட வந்தவன் துப்பாக்கி உறையை இவ்வளவு ஆத்திரத்தோடு ஏன் தைக்கிறான்?

உறை முடிந்த சனிக்கிழமை, மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்தான். கோட்டுக்குள் கையை விட்டான். நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். எடுத்தது அந்தப் பெல்ட். சலவைக்கல்லின் மேல் போட்டான்.

"இது உன் வேலைதானே, மெரிட்?"

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். வலது ஓரம் ஆழமாகத்தான் இருந்தது, ஆனால் வரிசை போகப் போக மேலே ஏறியிருந்தது. தோலை ரொம்ப ஈரமாக வைத்து அடித்ததால் அச்சு வெளிறிக் கிடந்தது.

"இதையா? என் கடையில இப்படி ஒண்ண எவனாவது அடிச்சிருந்தா நாய்க்குக்கூடக் கட்ட விடமாட்டேன்" என்றேன்.

"இடது கை. முப்பத்தாறு. ட்வைலா வண்டியில இருந்துச்சு. இதுக்கு என்ன சொல்ற?"

அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. இந்த மனுஷன் இத்தனை வாரமாக என்னைத்தான் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். கத்தத்தான் வாய் வந்தது. ஆனால் கண் பெல்ட்டின் மேலேயே நின்றது. ஆரம்பிப்பவர் வேலை. அடி சின்னது, பயந்த கை. ஒவ்வொரு அடியையும் இரண்டு தடவை தொட்டு அடித்திருந்தது.

"திரும்பு" என்றேன்.

"எதுக்கு?"

"திரும்புய்யா."

சந்தேகத்தோடு பாதிதான் திரும்பினான். கோட்டைத் தூக்கி, அவன் ஜீன்ஸின் பின்பக்கத் தோல் பட்டையில் இருந்த எண்ணைச் சத்தமாகப் படித்தேன். முப்பத்தாறு.

அவன் கை பின்னால் போய் அந்தப் பட்டையைத் தொட்டது. முதல் வகுப்பில் நான் சொன்னதும், தான் சிரித்ததும் அவனுக்கு ஞாபகம் வருவதை முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

"உன் வீட்டுல இடது கை யாருக்கு?" என்று கேட்டேன். பெல்ட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். உறையை மேசையிலேயே மறந்து வைத்துவிட்டான்.

மீதியை அந்த வீட்டு இடது கைக்காரி ட்வைலாதான் சொன்னாள். மறுவாரம் கடைக்கு வந்தாள், சிரிக்காமல். புதன்கிழமைகளில் அவள் போனது பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடக்கும் தோல் வேலை வகுப்புக்கு, அவனுக்குத் தெரியாமல் ஒரு பெல்ட் செய்ய. துணி துவைக்கும்போது அவன் ஜீன்ஸ் எண்ணைப் பார்த்துத் தோல் வெட்டியிருக்கிறாள். எல்லாம் அடித்து முடித்துவிட்டு, அவன் தூங்கும்போது நாற்காலியில் கிடந்த பழைய பெல்ட்டோடு வைத்துப் பார்த்தால் ஒரு சாண் நீளம் குறைகிறது. வெட்கப்பட்டுப் பெயர் அடிக்காமல் ஒளித்து வைத்துவிட்டாள். அவன் வீட்டுக்கு வந்து பெல்ட்டை நீட்டி நடந்ததைச் சொன்னதும் அவள் கோபித்துக்கொள்ளவில்லையாம். ஒன்றே ஒன்று சொன்னாளாம்.

"ஊர்ல இருக்கிறவன் இடுப்பையெல்லாம் அளந்தியே, ஆர்வில். என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

இதைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் கண் நிறைந்தது. அப்போது எனக்கு அவன்மேல் வந்த அவ்வளவு கோபம் அவன் என்னைச் சந்தேகப்பட்டபோதுகூட வரவில்லை.

அதற்கப்புறம் ஆர்வில் தானாக வந்தான். பெல்ட்டின் இரண்டு முனையையும் வெட்டி, முன்பக்கம் குறுகலான பட்டைகள் இரண்டு சேர்த்துத் தைக்கச் சொல்லிக் கொடுத்தேன். பழைய காலத்து ரேஞ்சர் காவலர்கள் போடும் மாதிரி. நீளம் சரியாகிவிட்டது. அவளுடைய கோணல் வரிசையில் ஓர் அடியைக்கூட அவன் திருத்தவில்லை. பெயர் மட்டும் தான் அடிக்க மாட்டேன், அவள் அடிக்க வேண்டியது என்றான்.

வசந்தம் வரும்வரை அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது. ஒருநாள் ட்வைலா எழுத்து அச்சுப் பெட்டியை இரவல் கேட்டு வந்தாள். எந்தெந்த எழுத்து வேண்டும் என்றேன். பெட்டியைத் துழாவி, மூலையில் கிடந்த ஒன்றை எடுத்தாள். கேள்விக்குறி. வாங்கிய நாளிலிருந்து நான் தொடாதது, புது மெருகு போகாமல் இருந்தது.

இப்போது உணவுக்கடை வரிசையில் ஆர்விலுக்குப் பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைக் கேள்விக்குறி, வலது ஓரம் ஆழமாக. ஊரே சிரிக்கிறதே, இதை ஏன்யா போட்டுக்கொண்டு திரிகிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"அவகிட்ட கேட்டேன், போட்டுக்கவான்னு" என்றான். "போட்டுக்கன்னு சொன்னா."