நாற்பத்தொன்றின் காய்ச்சல்

அந்த அட்டை இப்போது என் சாப்பாட்டு மேசையில், உப்புப் போத்தலில் சாய்ந்து நிற்கிறது. உள்ளங்கை அளவுதான். மேலே 41 என்று எண். கீழே ‘ஆண், பழுப்பு, தெருநாய்’ என்று ஆங்கிலத்தில். அதற்கும் கீழே நான்கு திகதிகள். நான்கையும் குறுக்கே கோடிழுத்து வெட்டி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு காரணம் எழுதப்பட்டிருக்கிறது. மகளும் மருமகனும் காலையிலேயே பிக்கரிங்கில் ரயில் ஏறி ரொறன்ரோவுக்கு வேலைக்குப் போய்விட்டால், மாலைவரை இந்த வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை இல்லை. மத்தியானத்தில் இந்த அட்டையை எதிரே வைத்துக்கொண்டு சாப்பிடுவது சமீபத்தில் தொற்றிய பழக்கம். மகள் கண்டால் அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயப்படுவாள். அவள் வருவதற்குள் எடுத்து வைத்துவிடுவேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில் எனக்கு வேலை. ஆராய்ச்சிக்கு வரும் நாய்களின் கூண்டுகளைக் கழுவ வேண்டும், தீனி வைக்க வேண்டும், காலையில் உடல் வெப்பம் பார்த்து, காய்ச்சல் இருந்தால் கூண்டில் தொங்கும் அட்டையில் குறிக்க வேண்டும். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியனாக இருந்தேன். பல்கலைக்கழகம் போவதற்கு எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலான புள்ளி எடுக்க வேண்டும் என்று அரசாங்கம் கொண்டுவந்தபோது, வகுப்பில் நின்று ‘கவனமாகப் படியுங்கள்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கனடாவுக்குப் புறப்பட்டுவிட்டேன். மனைவியும் மகளும் ஊரில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட வேண்டுமானால் இந்த வேலை நிலைக்க வேண்டும். நாய் மணக்கும் அந்த வேலையை நான் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருந்தது அதற்காகத்தான்.

அதே கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு டொக்டர் இதய ரத்தக்குழாய்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். தமிழ்நாட்டுக்காரர், தனிக்கட்டை, என் வயதுதான். நான் முன்பு ஆசிரியன் என்று தெரிந்த நாளிலிருந்து என்னைச் ‘சார்’ என்றுதான் கூப்பிட்டார். கனடாவில் வேறு ஒருவரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கூண்டுகளைப் பார்க்கிற சாட்டில் தினமும் மத்தியானம் தயிர்ச்சோற்றுடன் கீழே வந்துவிடுவார். உண்மையில் தமிழில் நாலு வார்த்தை பேசத்தான் வந்தார். எனக்கும் அந்த நேரம் வராதா என்று காலையிலிருந்தே இருக்கும்.

அவருடைய நாட்டில் அப்போது நெருக்கடி நிலை. தம்பியிடமிருந்து வரும் கடிதங்களில் மழையைத் தவிர வேறு செய்தி இல்லை. “பயம் வந்தா எல்லாரும் வானத்தப் பத்தி எழுதறாங்க சார்,” என்பார். இங்கேயோ ஒட்டாவாவில் மத்திய அரசாங்கம் சிக்கனம் என்று சொல்லி ஆராய்ச்சிப் பணத்தில் கை வைத்திருந்தது. “அங்க பேசினா ஜெயில். இங்க எவ்வளவு வேணா பேசலாம், கேக்கத்தான் ஆளில்ல. ரெண்டு எடத்துலயும் எனக்கு ஓட்டு கிடையாது.”

“எனக்கு ஓட்டு இருந்தது. போட்டும் பார்த்தனான்,” என்றேன் ஒருநாள். டொக்டர் சிரித்துக்கொண்டே கூண்டின் பக்கம் திரும்பி, “நாப்பத்தொண்ணு, உன் அபிப்பிராயம் என்ன?” என்றார்.

தெருவில் பிடிபட்டு, சொந்தக்காரர் தேடி வராத நாய்களை ஆராய்ச்சிக்கு அனுப்பலாம் என்று அந்நாளில் சட்டம் இருந்தது. அப்படி வந்ததுதான் நாற்பத்தொன்று. பெயர் வைக்கக்கூடாது என்பது விதி. டொக்டர் விதியை மீறவில்லை. எண்ணையே செல்லமாகக் கூப்பிட்டார். ஒரு காது கிழிந்த அந்த நாயிடம் ஒரு விசித்திரம் இருந்தது. தனியாகச் சாப்பிடாது. தீனியை வைத்தால் கிண்ணத்தைப் பார்க்கும், கதவைப் பார்க்கும், படுத்துவிடும். டொக்டர் தரையில் சம்மணம் போட்டு டிபன் பெட்டியைத் திறந்த பிறகுதான் வாய் வைக்கும். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் முடிப்பார்கள். நான் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து என் பாண் துண்டுகளைத் தின்பேன்.

டொக்டரின் ஆராய்ச்சிக்குப் பன்னிரண்டு நாய்கள் வேண்டும். பதினொன்று முடிந்திருந்தன. மேலே கொண்டுபோன நாய் கீழே திரும்பி வந்ததில்லை. பன்னிரண்டாவதாகக் குறித்திருந்தது நாற்பத்தொன்றை. முதல் திகதி காய்ச்சல் என்று தள்ளிப்போனது. அடுத்தது இயந்திரம் பழுது. அதற்கடுத்தது மருந்து வரவில்லை. நான்காவது வெறும் ‘பின்னர்’. மேலே அந்த இயந்திரத்தைத் தினமும் துடைத்தவனும் நான்தான். அதற்கு ஒரு பழுதும் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தேன். அறிக்கை பதினொன்றுடன் போனது. பணம் இனி இல்லை என்று கடிதம் வந்தது. அந்த வருடம் எத்தனையோ பேருக்கு வெட்டு விழுந்தது. எங்களை முடித்தது ஒட்டாவாவா, அந்தப் பன்னிரண்டாவது நாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் மகளின் முகம் ஒன்றுதான். டொக்டர் கீழே வந்ததும் வெடித்துவிட்டேன். “உந்த நாய்க்காக உங்கட வேலையையும் துலைச்சு, என்ர சோத்திலயும் மண்ணைப் போட்டிட்டீங்கள்.”

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். கூண்டிலிருந்து அட்டையைக் கழற்றிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். “தப்பு என்னுதுதான் சார்,” என்றார். பிரிவுத் தலைவர் விசாரித்தபோது, அட்டை தொலைந்துவிட்டதாகவும் திகதிகளை எல்லாம் தானே மாற்றியதாகவும் சொல்லிவிட்டார். எனக்கு அதே கட்டடத்தில் கண்ணாடிக் குடுவைகள் கழுவும் வேலை கிடைத்தது. அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நாயைத் தன் பொறுப்பில் எடுப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கயிற்றில் கட்டிக் கூட்டிப்போனார். பனிக்காலத்தில் இந்தியாவுக்குக் கிளம்புவதற்கு முதல்நாள் நகரின் கிழக்கே வெக்ஸ்போர்ட் பகுதியில் இருந்த என் அறைக்கு வந்து, கயிற்றையும் ஒரு கடித உறையையும் என் கையில் தந்தார். “உங்களை விட்டா இவனுக்கு யாரைத் தெரியும் சார்?”

உறைக்குள் இந்த அட்டை இருந்தது.

இதுவரை சொல்லாததை இப்போது சொல்லிவிடுகிறேன். மூன்று வரிகள் டொக்டரின் கையெழுத்து. முதல் வரி, ‘காய்ச்சல்’, என்னுடையது. அன்று காலை வெப்பமானியில் காய்ச்சல் இல்லை. நாய் துள்ளிக்கொண்டு நின்றது. அதன்மேல் இரக்கப்பட்டு எழுதினேன் என்றால் பொய். இந்த நாய் போய்விட்டால் டொக்டர் கீழே வரமாட்டார், என்னைச் ‘சார்’ என்று கூப்பிட ஆள் இருக்காது என்று பயந்துதான் எழுதினேன். அவர் வந்து நாயின் மூக்கைத் தொட்டார், அட்டையை வாசித்தார். “காய்ச்சல்தான் சார்,” என்று சொல்லி டிபன் பெட்டியைத் திறந்தார். நான் கத்திய அன்று அதைத் திருப்பிச் சொல்ல அவருக்கு ஒரு நொடி போதும். பொய்க் குறிப்பு எழுதியவனுக்கு அந்தக் கட்டடத்தில் குடுவை கழுவவும் இடம் இருந்திருக்காது. என் குடும்பம் ஊரிலேயே இருந்திருக்கும்.

நெருக்கடி நிலை முடிந்து அங்கே தேர்தல் நடந்தபின் ஒரு தபாலட்டை வந்தது. ‘ஓட்டுப் போட்டேன் சார். நாப்பத்தொண்ணு சாப்பிடறானா?’ சாப்பிடுகிறான் என்று பதில் எழுதினேன். அன்று கத்தியதைப் பற்றியும் எழுத நினைத்து, அடுத்த கடிதத்தில் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். அடுத்த கடிதத்துக்கு அவரிடமிருந்து பதில் வரவில்லை. அதிலும் நான் அதை எழுதியிருக்கவில்லை.

டொக்டர் போன அன்று நாய் கிண்ணத்தைப் பார்த்தது, கதவைப் பார்த்தது, படுத்துவிட்டது. நான் தட்டை எடுத்துக்கொண்டு போய் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மெல்ல எழுந்து வந்து வாய் வைத்தது. இப்போது நாயும் இல்லை, மனைவியும் இல்லை. இந்த மேசையில் தட்டைப் பார்க்கிறேன், கதவைப் பார்க்கிறேன். அட்டையை எடுத்து எதிரே வைத்தால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது.